விடுகிற கம்பி, பிடிக்கிற கம்பி

வணக்கம் நேயர்களே.

சங்ககிரிப் பக்கம் லாரி நிறுத்துகிற யார்டு ஒன்றுக்குக் கான்கிரீட் தளம் போட்டபோது எனக்கு இருபத்தாறு வயது. போட்டு நாற்பது நாள்கூட ஆகவில்லை, தளத்தைத் துண்டுகளாக, ஸ்லாபுகளாகப் பிரிக்க வெட்டிய ஜாயின்ட் கோட்டுக்கு ஒரு சாண் தள்ளி நீளமாக ஒரு விரிசல். வெட்டின இடம் அப்படியே இருக்கிறது, பக்கத்தில் வெடித்திருக்கிறது. சிமெண்ட் சரியில்லை என்றார் ஒருவர். தண்ணீர் கட்டியது பத்தவில்லை என்றார் இன்னொருவர். எங்கள் மேஸ்திரி மட்டும், "உடைச்சுப் பாத்துரலாமுங்க சார்" என்றார்.

உடைத்தோம். உள்ளே கம்பி ஒன்று தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. அடுத்தது சாய்ந்து கிடந்தது. மேலே மாட்டியிருந்த பிளாஸ்டிக் உறை கிழிந்து, கான்கிரீட் கம்பியை நேராகவே கவ்வியிருந்தது. சம்மட்டியால் தட்டிப் பார்த்தேன், கொஞ்சமும் அசையவில்லை. அந்தக் கம்பிகளை வைக்கும்போது பக்கத்தில் நின்றவன் நான்தான். சரி பார்க்காமல் விட்டவனும் நான்தான்.

அந்தக் கம்பிக்கு டவல் பார் என்று பெயர். சாலைக்குக் குறுக்கே வருகிற ஜாயின்டில், ஒரு ஸ்லாபிலிருந்து அடுத்த ஸ்லாபுக்குள் பாதிப் பாதியாக நீட்டிக்கொண்டிருக்கும். நம் நெடுஞ்சாலைகளில் பெரும்பாலும் 32 மில்லிமீட்டர் தடிமன், 450 அல்லது 500 மில்லிமீட்டர் நீளம். கையில் எடுத்தால் மூன்று கிலோவுக்குப் பக்கமாகக் கனக்கும். வீட்டுத் தூணுக்குப் போடுகிற முறுக்குக் கம்பி இல்லை இது, மேலே வரி எதுவும் இல்லாத வழுவழுப்பான உருட்டுக் கம்பி. ஸ்லாபின் கனத்தில் நடுமட்டத்தில், ஏறக்குறைய ஒரு அடிக்கு ஒன்று வீதம், சாலை போகிற திசைக்கு நேராக, சாய்வே இல்லாமல் கிடக்க வேண்டும்.

ஏன் வழுவழுப்பு? கான்கிரீட் வெயிலில் நீளும், இரவில் சுருங்கும். நாலரை மீட்டர் ஸ்லாப், 30 டிகிரி சூடு ஏறினால் ஒன்றேகால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே நீளும். மயிரிழை அளவுதானே என்று நினைக்கலாம். அந்த மயிரிழைக்கு வழிவிடாமல் பிடித்தால் கான்கிரீட் கிழிந்துவிடும். எங்கள் யார்டில் நடந்தது அதுதான். ஸ்லாப் தன் பக்கம் சுருங்கப் பார்க்கிறது, கோணலாகக் கிடக்கிற கம்பிகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பிடிக்கின்றன. வெட்டிய கோட்டில் திறக்க முடியாமல் போன விரிசல், கம்பி முடிகிற இடத்தில் போய்த் திறந்துகொண்டது.

அப்படியானால் கம்பியே வேண்டாமே என்று கேட்கலாம். சாமி தூக்கும்போது தோள் மாற்றுவோமே, அதை நினைத்துப் பாருங்கள். ஒருவர் தோளை எடுப்பதற்கு முன்னால் அடுத்தவர் தோளைக் கொடுத்துவிட வேண்டும். லாரிச் சக்கரம் ஒரு ஸ்லாபின் விளிம்புக்கு வரும்போதே பாதிப் பாரத்தை அடுத்த ஸ்லாபுக்கு மாற்றிவிடுவது டவல் பார். அது இல்லையென்றால் விளிம்பு அழுந்தும், அடியில் நிற்கிற மழைத்தண்ணீர் மண்ணையும் கரைத்துக்கொண்டு ஜாயின்ட் வழியாகப் பீய்ச்சும். அடியில் பள்ளம் விழும். அப்புறம் ஒரு ஸ்லாப் மேலே, ஒன்று கீழே என்று படி தட்டிவிடும். வண்டியில் போகும்போது தடக், தடக் என்று கேட்கிறதே, அது இந்தப் படிதான்.

டை பார் இதற்கு நேர் எதிர். சாலை நெடுக ஓடுகிற ஜாயின்டில், இரண்டு தடங்களும் விலகிப் போகாமல் இழுத்துக் கட்டுவது. 12 மில்லிமீட்டர் முறுக்குக் கம்பியே போதும், அதன் மேல் இருக்கிற வரியைக் கான்கிரீட் நன்றாகக் கவ்வ வேண்டும். ஒன்று விட வேண்டிய கம்பி, இன்னொன்று பிடிக்க வேண்டிய கம்பி. இரண்டையும் ஒரே குவியலாகக் கொட்டி வைத்திருக்கிற சைட்டைப் பார்த்தாலே எனக்குப் பதறும்.

நம் ஊர்க்காரர்கள் சொல்கிற குறை ஒன்று உண்டு. அம்மாப்பேட்டைப் பக்கம் தெருவில் ஒருவர் என்னிடமே கேட்டார்: "நேத்துப் போட்ட ரோட்டை இன்னைக்கு மெஷின் வெச்சு அறுக்கிறாங்களே, இது நியாயமுங்களா?" அறுப்பது நியாயம்தான். அறுக்காவிட்டால்தான் கேள்வி கேட்க வேண்டும். ஸ்லாப் கனத்தில் மூன்றில் ஒரு பங்கோ நாலில் ஒரு பங்கோ ஆழத்துக்கு ஒரு கீறல் போட்டுவிட்டால், விரிசல் கோணல்மாணலாக ஓடாமல் அந்தக் கீறலின் அடியில் இறங்கிவிடும். நேரம்தான் முக்கியம். சீக்கிரம் அறுத்தால் ஜல்லி பெயர்ந்து வரும். தாமதித்தால், நம் சித்திரை வெயிலில், கான்கிரீட் தானே ஒரு வழி பார்த்து வெடித்துவிடும். காலையில் போட்டதை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதுதான் நான் அதிகம் பார்த்த தப்பு. அன்றைக்கு இரவுக்குள் அறுத்தாக வேண்டும்.

தெருவில் ஆறு அங்குலத்துக்கும் குறைவாகப் போடுகிற கான்கிரீட்டுக்கு டவல் பார் வேண்டாம். அத்தனை மெலிசான ஸ்லாபில் கம்பிக்கு மேலும் கீழும் போதிய கான்கிரீட் இருக்காது. அங்கே கம்பி போடவில்லை என்று சண்டை பிடிக்க வேண்டியதில்லை. கீறல் போட்டார்களா, இரண்டு வாரமாவது கோணி போர்த்தித் தண்ணீர் விட்டார்களா என்று கேளுங்கள், போதும்.

யார்டில் அந்த இரண்டு ஸ்லாபையும் வெட்டி எடுத்துவிட்டு மறுபடி போட்டோம். இந்த முறை கம்பிகளைத் தாங்குகிற கூட்டைத் தரையோடு ஆணியடித்து இறுக்கினோம். மேஸ்திரி நூல் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் மண்டி போட்டு ஒவ்வொரு உறையையும் விரலால் திருகிப் பார்த்தேன். எல்லாம் சுழன்றன. பிறகுதான் கலவையைக் கொட்டச் சொன்னேன்.