ஒரே தொட்டில்தான், குணம் வேறு

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். மனிதனை நடத்துவது வளர்ப்பு அல்ல, பிறவிக் குணமே என்பது எங்கள் அணி.

எதிரணித் தோழர் போகிற போக்கில் ஒன்று சொன்னார். "பிறவிக் குணம் என்பது திருந்த மனமில்லாதவன் சொல்லும் சாக்கு. தொட்டில் பழக்கம்தான் சுடுகாடு மட்டும்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். சரி ஐயா, ஒரே தொட்டிலில் கிடந்த இரண்டு பேர் ஏன் ஒரே மாதிரி இல்லை?

என் அப்பாவும் பெரியப்பாவும் ஒரே பானைக் கம்மங்கூழ் குடித்து வளர்ந்தவர்கள். வியாழக்கிழமை சந்தைக்கு 6 மணி பஸ். பெரியப்பா 5 மணிக்கே நிறுத்தத்தில் நிற்பார், கையில் சரியான சில்லறையோடு. அப்பா வழியில் டீக்கடையில் நிற்பார். மாடு கன்று போட்டதா, மகளுக்கு வரன் அமைந்ததா என்று விசாரிப்பார். பஸ் நகர்ந்த பிறகுதான் "ஹோல்டான்!" என்று குரல் வரும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து ஏறுவார். உள்ளே பெரியப்பா பக்கத்து சீட்டில் துண்டு போட்டு வைத்திருப்பார். ஒருநாள் இருநாள் அல்ல, 40 வருஷம்! தாத்தா அடித்தும் பார்த்தார். பெரியப்பா வீட்டுக் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்தார். அப்பா அந்த அரை மணியையும் டீக்கடையிலேயே பேசித் தீர்த்தார்!

1936-ல் ஆல்போர்ட், ஆட்பர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் ஆங்கில அகராதியைப் புரட்டி, மனிதரின் இயல்பைச் சொல்லும் ஏறக்குறைய 18,000 சொற்களைத் திரட்டினார்கள். பின்னால் வந்தவர்கள் அவற்றைச் சலித்துச் சலித்து ஐந்து குணங்களில் நிறுத்தினார்கள்: புதுமை நாட்டம், பொறுப்பு, கலகலப்பு, இணக்கம், பதற்றம். பெரியப்பாவிடம் பொறுப்பு தூக்கல், அப்பாவிடம் கலகலப்பு. இந்தக் குணங்களில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் ஏறக்குறையப் பாதி பரம்பரை வழி வருவது என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. மீதி வளர்ப்புதானே என்று தோழர் எழ வேண்டாம். ஒரே வீட்டில் வளர்வதால் வரும் ஒற்றுமை மிகக் குறைவு என்பதும் அதே ஆய்வுகளில் இருக்கிறது.

சாக்கு என்றீர்களே! தம்பி இப்படித்தான் என்று தெரிந்து 40 வருஷம் இடம் பிடித்து வைத்தாரே ஒரு மனிதர், அதுவும் சாக்கா?

போன வருஷம் அப்பா போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்த வியாழக்கிழமை, நானும் அதே பஸ்ஸில் ஏறினேன். பெரியப்பா பக்கத்தில் துண்டு கிடந்தது. நான் பின்னால் போய் நின்றுகொண்டேன். பஸ் கிளம்பியது. கண்டக்டர், "ஐயா, இது யாருக்கு?" என்றார். பெரியப்பா ஜன்னல் வழியே டீக்கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பதில் சொல்லவில்லை. துண்டையும் எடுக்கவில்லை. அவ்வளவு கூட்டத்திலும் சந்தை வரைக்கும் அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை.

வணக்கம்.