ஜி மைனர் பேலடுக்கு முன் எந்த எட்யூட் வாசிக்கலாம்?

[திரை: ஸ்கோரின் 208-வது பார். கேமரா மெதுவாக நெருங்குகிறது.]

பியானோ இசையமைப்பாளர் ஷோப்பானின் முதல் பேலட் (கதை சொல்வது போன்ற நீண்ட பியானோ படைப்பு), ஜி மைனர், ஓபஸ் 23. ஓபஸ் என்பது படைப்பு எண். மொத்தம் 264 பார்கள் (ஸ்கோரில் கோடு போட்டுப் பிரித்த தாளப் பகுதிகள்), வாசிக்க ஒன்பது பத்து நிமிடம். இதைத் தொடங்கிய பலர் வந்து நின்றுவிடும் இடம் இப்போது திரையில் இருக்கும் 208-வது பார். "ப்ரெஸ்டோ கோன் ஃபுவோகோ", அதாவது மிக வேகமாக, நெருப்போடு, என்று எழுதியிருக்கிறது. கோடா, அதாவது முடிவுப் பகுதி, இங்கேதான் தொடங்குகிறது.

கை நின்றுவிட்டால் அடுத்து எழும் கேள்வி, "முதலில் எந்த எட்யூட் வாசிக்க வேண்டும்?" எட்யூட் என்றால் ஒரு குறிப்பிட்ட கை அசைவைப் பழக எழுதிய படைப்பு. பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒரு நீளமான பட்டியல்: ஓபஸ் 10 நம்பர் 1, நம்பர் 4, ஓபஸ் 25 நம்பர் 6, நம்பர் 11. எல்லாமே அருமையான எட்யூட்கள். ஆனால் அவற்றில் ஒவ்வொன்றும் இந்தப் பேலடைவிடக் கடினம், அல்லது பேலடில் இல்லாத சிக்கலைப் பற்றியது. ஓபஸ் 25 நம்பர் 6 முழுக்க வலது கையின் மூன்றாம் இடைவெளி ஓட்டம், அதாவது நடுவில் ஒரு சுரம் விட்டு இரண்டு சுரங்களைச் சேர்த்து அழுத்தியபடி ஓடுவது. பேலடில் அப்படி ஓர் ஓட்டமே கிடையாது. அதற்கு நீங்கள் செலவழிக்கும் நான்கு மாதம் உங்கள் கைக்கு நல்லது செய்யலாம், பேலடுக்கு ஒன்றும் செய்யாது.

எட்யூடின் புகழையோ கடினத்தையோ பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. பேலடில் உங்கள் கை தடுமாறும் பாரில் என்ன அசைவு இருக்கிறதோ, அதே அசைவு உள்ள எட்யூடை எடுக்க வேண்டும். இதற்கு ஒரு வசதியும் இருக்கிறது. ஓபஸ் 10 எட்யூட்கள் 1833-இல் வெளிவந்தன, பேலட் 1836-இல், ஓபஸ் 25 எட்யூட்கள் 1837-இல். மூன்றும் ஏறக்குறைய ஒரே காலத்தில் எழுதப்பட்டவை. அதனால் பேலடின் அசைவுகள் பலவற்றை அந்த எட்யூட்களிலேயே தனியாகப் பிரித்து எடுத்தது போலப் பார்க்க முடியும்.

[திரை: ஸ்கோரின் நகல், ஒரு பென்சில், ஒரு மெட்ரோனோம்.]

எட்யூடுக்குப் போகும் முன் ஒரு வேலை. ஸ்கோரை நகல் எடுங்கள். பார் எண்கள் அச்சிட்ட பதிப்பாக இருந்தால் நல்லது. முழுப் பேலடையும் பாதி வேகத்தில் ஒரு தடவை வாசியுங்கள். தப்பு நோட்டுகளைக் குறிக்க வேண்டாம். தோள் மேலே ஏறும் இடம், முன்கை இறுகும் இடம், மூச்சு நின்றுபோகும் இடம், இவற்றை மட்டும் குறியுங்கள். பாதி வேகத்திலேயே உடல் இறுகும் இடத்தில் சிக்கல் அசைவில் இருக்கிறது. பாதி வேகத்தில் சுலபமாக வந்து, வேகம் கூட்டும்போது மட்டும் உடைந்தால், அங்கே நோட்டு இன்னும் மனதில் பதியவில்லை, அல்லது ஃபிங்கரிங் (எந்த நோட்டுக்கு எந்த விரல் என்பது) சரியில்லை. இரண்டாவது வகைக்கு எட்யூட் மருந்தல்ல.

இன்னொன்று. 61 கீ உள்ள கீபோர்டில் இந்தப் படைப்பு அடங்காது. கீழேயும் மேலேயும் கீ போதாது. எடையுள்ள 88 கீயும் ஒரு சஸ்டெய்ன் பெடலும் தேவை.

[திரை: பார் 1 முதல் 35 வரை வேகமாக நகர்கிறது.]

முதல் ஏழு பார் வரும் மெதுவான லார்கோவுக்கும், எட்டாவது பாரில் 6/4 தாளத்தில் தொடங்கும் முதல் தீமுக்கும் எட்யூட் தேவையில்லை. அங்கே தேவைப்படுவது மெதுவான கார்டுகளை (ஒன்றாகச் சேர்த்து அழுத்தும் நோட்டுகளை) ஒரே கனத்தில் வைக்கும் கட்டுப்பாடு. அதற்கு ஓபஸ் 28-இல் உள்ள இ மைனர் ப்ரெலூட், நம்பர் 4, ஒரே பக்கம் போதும். கீ முழுதாக மேலே எழும்பும் முன்பே அடுத்த கார்டை அழுத்திப் பழகுங்கள். அந்தப் பழக்கம் பேலடின் தீமில் அப்படியே உதவும்.

36-வது பாரிலிருந்து சூடு ஏறுகிறது. 48-ஐ ஒட்டி வலது கையில் அகலமான ஆர்பெஜியோ உருவங்கள், அதாவது கார்டின் நோட்டுகள் ஒவ்வொன்றாக, வருகின்றன. எல்லோரும் இங்கே ஓபஸ் 10 நம்பர் 1-ஐச் சொல்வார்கள். வேண்டாம். அந்த எட்யூடில் கை தொடர்ந்து பத்தாம் இடைவெளிக்கும் அதற்கு மேலும் விரிகிறது. தவறாகப் பழகினால் கட்டைவிரலின் அடியில் வலி தொடங்கும். பேலடில் உள்ள இந்தச் சில பார்களையே பயிற்சியாக மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு உருவத்தையும் கார்டாகச் சேர்த்து அழுத்துங்கள், அடுத்த கார்டின் மேல் கையைக் கொண்டுபோய் நிறுத்துங்கள், பிறகு அழுத்துங்கள். பத்து நிமிடம், ஒரு வாரம். அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் மட்டும் வேறு வழி தேடலாம்.

67-வது பாரில் இ ஃப்ளாட் மேஜரில் வரும் இரண்டாம் தீம் மெதுவானது, மென்மையானது. ஆனால் இடது கை அகலமாக விரிய வேண்டும், அதன் சத்தம் மேலே வரவும் கூடாது. ஓபஸ் 27 நம்பர் 2, டி ஃப்ளாட் நாக்டர்ன், இதற்கு எட்யூடைவிட நல்ல துணை. முதல் பக்கத்தின் இடது கையை மட்டும் பெடல் இல்லாமல் வாசித்துப் பாருங்கள். எந்த விரல் கனமாக விழுகிறது என்று காதுக்கே தெரியும். பெரும்பாலும் கட்டைவிரல்தான்.

[திரை: பார் 106, ஏ மேஜர், ஃபோர்ட்டிஸிமோ (மிகப் பலமாக).]

106-வது பாரில் அதே தீம் ஏ மேஜரில் முழு கார்டுகளாக வெடிக்கிறது. இங்கே பலர் முன்கை பலத்தால் அடிக்கிறார்கள். சத்தம் பெரிதாகாது, கரகரக்கும். நான்கு விரலிலும் ஒரே பலம் போவதால் மெலடி நடுவில் தொலைந்துவிடும். சி மைனர் ப்ரெலூட், ஓபஸ் 28 நம்பர் 20, 13 பார்தான் இருக்கிறது. அதை மூன்று விதமாக வாசியுங்கள்: சுண்டுவிரல் நோட்டு மட்டும் பலமாக, நடு நோட்டு மட்டும் பலமாக, இடது கையின் அடி நோட்டு மட்டும் பலமாக. கார்டுக்குள் ஒரே ஒரு விரலைத் தனியாகப் பேச வைக்கக் கற்றுக்கொண்டால் 106-வது பார் தானாகப் பாடும். இந்தப் பகுதியின் ஆக்டேவ்களுக்கு ஓபஸ் 25 நம்பர் 10 முழுதாக வேண்டாம். அதன் நடுவில் உள்ள மெதுவான பகுதி மட்டும் போதும். அங்கே ஆக்டேவ்களை லெகாட்டோவாக (இடைவெளி இல்லாமல்) இணைக்க நான்காம் விரலும் ஐந்தாம் விரலும் மாறி மாறி வேலை செய்யும்.

138-வது பாரில் சட்டென்று எல்லாம் இலேசாகிறது, வால்ட்ஸ் போல. வலது கை ஓடிக்கொண்டே இருக்கும். இதற்கு மிகப் பொருத்தமானது ஓபஸ் 25 நம்பர் 2, எஃப் மைனர். முழுதும் மெல்லிய ஒலியில், விரல் நுனியில் ஓடும் எட்யூட். ஷோப்பான் தந்த மெட்ரோனோம் குறி அரை நோட்டுக்கு 112, அதாவது நிமிடத்துக்கு 112 அரை நோட்டு. அந்த வேகம் இப்போதைக்கு வேண்டாம். 80-இல் சத்தமில்லாமல், சமமாக வந்தால் போதும். பழகும்போது வரும் பெரிய தவறு, மென்மைக்காக கீயின் மேற்பகுதியில் மட்டும் வாசிப்பது. சில நோட்டுகள் ஒலிக்காமலே போகும். ஒவ்வொரு கீயும் அடி வரை போக வேண்டும், கையின் எடை மட்டும் குறைய வேண்டும்.

[திரை: பார் 166. இடது கை மட்டும் வண்ணமிடப்பட்டுள்ளது.]

166-வது பாரில் இரண்டாம் தீம் மறுபடி இ ஃப்ளாட்டில், இந்த முறை ஃபோர்ட்டிஸிமோவில் வருகிறது. கவனம் எல்லாம் வலது கையின் மெலடிக்குப் போய்விடும், உண்மையான உழைப்பு இடது கையில். அகலமான உருவங்கள் நிற்காமல் ஓடுகின்றன. இதற்குத்தான் ஓபஸ் 10 நம்பர் 9, எஃப் மைனர். ஷோப்பானின் எட்யூட்களில் தொடக்கத்துக்கு ஏற்றது. இரண்டாவது எதையும் எடுக்க நேரமில்லை என்றால்கூட இதை விடாதீர்கள்.

இதில் இடது கை ஆறு ஆறு நோட்டாக விரிகிறது. ஷோப்பானின் ஃபிங்கரிங் 5-4-1-4-1-4 (1 கட்டைவிரல், 5 சுண்டுவிரல்). கை சிறியதாக இருந்தால் 5-3-1-3-1-3 வைத்துக்கொள்ளலாம். தவறு நடப்பது விரிப்பதில் அல்ல, விரித்த கையை விரித்தபடியே வைத்திருப்பதில். கீழ் நோட்டை ஐந்தாம் விரல் அழுத்தியதும் அதை விட்டுவிடுங்கள். மணிக்கட்டு வலப்பக்கம் நகர, கை மறுபடி சுருங்க வேண்டும். பெடல் அந்த நோட்டைத் தாங்கிக்கொள்ளும். விரலால் பிடித்துக்கொண்டே மேலே எட்டினால் பத்தாவது பாரிலேயே முன்கை எரியும். புள்ளியிட்ட கால் நோட்டுக்கு 50-இல் தொடங்குங்கள். ஷோப்பானின் குறி 96. நீங்கள் 72-ஐத் தொட்டதும் பேலடின் 166-க்குத் திரும்பலாம்.

இப்போது கோடா.

[திரை: பார் 208 முதல் 215 வரை. இரண்டு கைகளும் தனித்தனி வண்ணத்தில்.]

இங்கே தாளமே மாறுகிறது, 6/4 போய் 2/2 வருகிறது. இரு கைக்கும் இரு வேறு சிக்கல். அதனால் ஒரே எட்யூட் இரண்டையும் தீர்க்காது.

வலது கையில் இரட்டை நோட்டும் ஒற்றை நோட்டும் மாறி மாறி வருகின்றன. கை விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கிறது. அழுத்தமும் தாளத்தோடு சேராத இடத்தில் விழுகிறது. இதே மூன்று குணங்களும் ஓபஸ் 10 நம்பர் 10, ஏ ஃப்ளாட் எட்யூடில் இருக்கின்றன. மேலே இரண்டு விரலில் இரட்டை நோட்டு, கீழே கட்டைவிரலில் ஒற்றை நோட்டு. முதல் 16 பாருக்குள்ளேயே அதே வகை உருவத்துக்கு அழுத்தம் மாறுகிறது, லெகாட்டோ ஸ்டக்காட்டோவாகிறது (துண்டு துண்டாக ஒலிப்பது). முழு எட்யூடும் மிகக் கடினம், எடுக்காதீர்கள். அந்த 16 பார் மட்டும்.

முதலில் அழுத்தம் எதுவும் இல்லாமல், முன்கையைச் சாவி திருப்புவது போல இப்படியும் அப்படியும் சுழற்றி வாசியுங்கள். பிறகு இரட்டை நோட்டில் அழுத்தம். பிறகு கட்டைவிரலில் அழுத்தம். விரலைத் தூக்கி அடித்து அழுத்தம் கொடுத்தால் கை ஒரு நிமிடத்தில் பூட்டிக்கொள்ளும். சுழற்சியின் வேகத்தை அந்த ஒரு நோட்டில் மட்டும் சற்றுக் கூட்டினால் அழுத்தம் தானாக வரும். கோடாவில் எட்டு பாருக்குள் கை களைத்துப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தச் சுழற்சி இல்லாததுதான். பலவீனமான விரல் என்று நினைத்துக்கொண்டு விரல் பயிற்சியைக் கூட்டுபவர்கள் இன்னும் இறுகிப்போவார்கள்.

இடது கை கீழே ஒரு பாஸ், மேலே ஒரு கார்டு என்று தாவுகிறது. இதற்கு ஓபஸ் 25 நம்பர் 4, ஏ மைனர். அங்கேயும் இடது கை பாஸுக்கும் கார்டுக்கும் நடுவே நிற்காமல் தாவும், வலது கை தாளத்துக்கு இடையில் விழும். பழகும் முறை முக்கியம். பாஸை வாசித்த உடனேயே கையைக் கார்டின் மேல் கொண்டுபோங்கள். கீயைத் தொட்டு நிறுத்துங்கள், அழுத்தாதீர்கள். விரல்கள் சரியான கீயில் இருக்கின்றன என்று உறுதியான பிறகு அழுத்துங்கள். தாவுவதும் அழுத்துவதும் இரண்டு தனி வேலைகள். இரண்டையும் ஒன்றாகச் செய்யும்போதுதான் பக்கத்து கீயில் விரல் விழுகிறது. ஒரு வாரம் கண்ணைத் திறந்து, அடுத்த வாரம் கண்ணை மூடி. கோடாவில் கண் இடது கைக்குக் கிடைக்காது, வலது கை அதைப் பிடுங்கிக்கொள்ளும்.

[திரை: கடைசிப் பக்கம்.]

கடைசிப் பக்கத்தில் மேலே பாயும் ஸ்கேல்கள் இருக்கின்றன. இதற்கு எட்யூட் எதுவும் வேண்டாம். ஜி மைனர் ஸ்கேலை இரு கைகளிலும் நான்கு ஆக்டேவ், முதலில் ஆக்டேவ் இடைவெளியில், பிறகு இடது கை ஜி-யிலும் வலது கை பத்தாம் இடைவெளியில் பி ஃப்ளாட்டிலும் தொடங்கி வாசியுங்கள். பத்தாம் இடைவெளியில் இரு கைகளின் கட்டைவிரலும் வேறு வேறு நேரத்தில் திரும்பும், அங்கேதான் ஓட்டம் தள்ளாடும். ஸ்கேலே கைக்கு வசப்படாதவர்கள் பி மேஜரில் தொடங்கலாம். ஷோப்பான் தன் மாணவர்களை அதில்தான் தொடங்க வைத்தார். நீண்ட விரல்கள் கறுப்பு கீயில் இயல்பாக அமர்கின்றன, கட்டைவிரல் வெள்ளையில். கிளெமென்ட்டி, கிராமர் ஆகியோரின் பயிற்சிகளையும் அவர் மாணவர்களுக்குக் கொடுத்தார். பியானோ தேர்வில் எட்டாம் கிரேடு முடித்த உடனேயே இந்தப் பேலடை எடுப்பவர்களுக்கு கிராமரில் சில மாதங்கள் வீண் போகாது.

[திரை: ஒரு நாளின் பயிற்சி நேரம், கடிகார வடிவில்.]

ஒரே நேரத்தில் எத்தனை? இரண்டு, அதிகம் போனால் மூன்று. என் தேர்வு ஓபஸ் 10 நம்பர் 9 முழுதாக, ஓபஸ் 25 நம்பர் 4 முழுதாக, ஓபஸ் 10 நம்பர் 10-இன் முதல் 16 பார். ஒரு நாளில் எட்யூடுக்கு 20 நிமிடம். எழுந்து போய்விட்டு மாலையில் பேலட் வாசிப்பதில் பயன் குறைவு. எட்யூட் முடிந்த அந்த நிமிடமே, அதே அசைவு உள்ள பேலட் பார்களைப் பத்து நிமிடம் வாசியுங்கள். கைக்கு அந்த உணர்வு இன்னும் சூடாக இருக்கும்போதே அது மாற வேண்டும். இந்தத் தொடர்பை விட்டுவிட்டால் எட்யூட் அருமையாக வரும், கோடா அப்படியே நிற்கும்.

களைப்பு வேறு, வலி வேறு. கை களைத்தால் இரண்டு நிமிடம் ஓய்வு. மணிக்கட்டிலோ கட்டைவிரல் அடியிலோ குத்தும் வலி வந்தால் அன்றைக்கு அந்த எட்யூட் முடிந்தது, மறுநாள் வேகத்தைக் குறைத்துத் தொடங்குங்கள்.

எட்யூடை எப்போது கீழே வைப்பது? முழு வேகம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். கோடாவின் 208 முதல் 215 வரை, அரை நோட்டுக்கு 72 வேகத்தில், தொடர்ந்து மூன்று தடவை வாசியுங்கள். மூன்றாவது தடவையின் முடிவில் முன்கை முதல் தடவை இருந்தது போலவே தளர்வாக இருக்கிறதா என்று இடது கையால் தொட்டுப் பாருங்கள். தளர்வாக இருந்தால் மறுநாளிலிருந்து அந்த 20 நிமிடமும் பேலடுக்கே.