தம்புள்ளை போய் வந்த வெண்டிக்காய்

நேயர்களுக்கு வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

திருகோணமலை மாவட்டத்தில் விளைச்சலுக்குப் பெரிய குறை இல்லை. கந்தளாய்க் குளத்துக்குக் கீழே நெல், தம்பலகாமம், கிண்ணியாப் பக்கம் எருமைத் தயிர், நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் சின்ன வெங்காயம், அப்புறம் கடல். ஆனால் இங்கே பறித்த வெண்டிக்காய் நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடித் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் இறங்கி, கைமாறி, வேறொரு லொறியில் ஏறி நம் சந்தைக்கே திரும்பி வருவதும் நடக்கிறது. இரண்டு தரம் லொறிக் கூலி, நடுவில் தரகு, வாடி அழுகிப்போனதன் நட்டம் எல்லாவற்றையும் அதைச் சமைத்துச் சாப்பிடும் நாம்தான் கட்டுகிறோம்.

தம்புள்ளைமேல் எனக்குக் கோபம் இல்லை. அங்கே எவ்வளவு கொண்டுபோனாலும் வாங்க ஆள் உண்டு. நம் சந்தையில் ஒரே நாளில் நாலு பேர் வெண்டிக்காய் கொண்டுவந்தால் விலை விழுந்துவிடும். தோட்டக்காரர் அங்கே ஓடுவதில் நியாயம் இருக்கிறது.

நெல்லின் கதைதான் எனக்கு ஆற்றாமை. பெரும்போக அறுவடையை இப்போது மெசின் செய்கிறது. ஈர நெல் மூட்டையில் விழுகிறது. அரசாங்க நெல் சந்தைப்படுத்தும் சபை ஈரப்பதன் 14 சதவீதம் என்று கேட்கும். காய வைக்கக் களம் வேண்டும், வெயில் வேண்டும், மூன்று நாலு நாள் பொறுமை வேண்டும். விவசாயிக்கோ பசளைக் கடன், மெசின் கூலி எல்லாம் தலைக்கு மேல் நிற்கின்றன. வயல் வரம்பிலேயே லொறியோடு வந்து நிற்கும் யாவாரிக்குச் சொன்ன விலைக்கு அள்ளிக் கொடுத்துவிடுகிறார். அந்த நெல் பொலன்னறுவை ஆலைக்குப் போய், பளபளக்கும் பையில் அரிசியாக நம் கடைக்கு வந்து தொங்குகிறது.

போனது நெல் மட்டும் என்று நினைக்கிறோம். 100 கிலோ நெல்லைக் குற்றினால் ஏறக்குறைய 65 கிலோ அரிசி வரும், 20 கிலோ உமி வரும், மிச்சம் தவிடும் குருணையும். உமி இருந்தால் நெல் அவிக்க அடுப்பெரியும். தவிடும் குருணையும் இருந்தால் கோழிக்கும் மாட்டுக்கும் தீன். நெல்லோடு அவையும் போய்விடுகின்றன. பிறகு கோழி வளர்க்கும் நம் ஆட்கள் வெளியூர்த் தீன் மூட்டைக்குக் காசு கொடுக்கிறார்கள். ஆலை, மூட்டை தூக்குகிறவர், தையல் போடுகிறவர், கணக்கெழுதும் பிள்ளை, இத்தனை பேரின் சம்பளமும் மாவட்டத்துக்கு வெளியே.

சின்னக் கணக்கு ஒன்று சொல்கிறேன். கடையில் நான் கொடுக்கும் 1000 ரூபாவில் ஒவ்வொரு கைமாற்றத்திலும் 60 சதவீதம், அதாவது பத்தில் ஆறு பங்கு, மாவட்டத்துக்குள்ளேயே செலவானால் அது 1000, 600, 360 என்று ஓடி மொத்தம் 2500 ரூபா வியாபாரம் ஆகும். பத்தில் இரண்டு பங்குதான் தங்கினால் 1250இல் நின்றுவிடும். அதே ஆயிரம் ரூபாதான்.

தயிரைப் பாருங்கள். பாலைக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, உறை ஊற்றி மண்சட்டியில் வார்க்கிறார்கள். சட்டி தண்ணீரைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், அதனால்தான் கவிழ்த்தாலும் விழாத கட்டித் தயிர். மாடு வைத்திருப்பவர், சட்டி வனைகிறவர், விறகு கொடுப்பவர், கந்தளாய் வீதியோரம் சட்டி அடுக்கி விற்பவர் என்று ஒரு சட்டித் தயிரில் நாலு வீட்டு அடுப்பு எரிகிறது.

2009இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவுக்குப் பாதை என்கிற மிதவையில்தான் கடந்தோம். பாலம் வந்தபின் அந்தப் பக்கத்துப் பாலும் மீனும் நேரத்துக்கு நகரத்துக்கு வருகின்றன. வெளியூர்க் கம்பனி லொறிகளும் அதே பாலத்தால்தான் போகின்றன, அதையும் சொல்லவேண்டும்.

எல்லாவற்றையும் நாமே செய்துகொள்வோம் என்பது வீண் பேச்சு. சீனக்குடா ஆலையில் அரைபடும் கோதுமை கப்பலில் வருகிறது. 2022இல் எரிபொருள் இல்லாமல் போனபோது லொறி வரவில்லை, மரக்கறி விலை ஏறியது. மண்ணெண்ணெய் இல்லாமல் நம் மீனவர்களின் படகுகளும் கரையில் கிடந்தன. பக்கத்துக் கடலில் மீன் இருந்தும் பிடிக்க வழியில்லை. வெள்ளம் வந்து வயல் அழிந்தால் வெளியூர் அரிசிதான் கைகொடுக்கும். இரண்டு வழியும் திறந்திருக்கட்டும் என்கிறேன். இப்போது ஒன்றுதான் தாராளமாகத் திறந்திருக்கிறது.

செய்யக்கூடிய வேலை ஒன்று. உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களுக்குச் சீசன் சித்திரையிலிருந்து புரட்டாதி வரை, நம் சிறுபோகமும் கிட்டத்தட்ட அதே மாதங்கள். ஹோட்டல் சமையல்காரருக்குக் கிழமைதோறும் ஒரே அளவு, ஒரே தரம் வேண்டும். தனி ஒரு தோட்டக்காரரால் அது முடியாது, ஐந்தாறு கிராமம் சேர்ந்தால் முடியும். அடுத்த சிக்கல் காசு. ஹோட்டல் மாதம் கழித்துக் கொடுக்கும், தோட்டக்காரருக்கு அன்றைக்கே வேண்டும். இந்த இடைவெளியைக் கூட்டுறவுச் சங்கம் அடைக்கலாம்: அன்றன்று தோட்டக்காரருக்குக் கொடுத்துவிட்டு, மாதமுடிவில் ஹோட்டலிடம் வாங்கிக்கொள்வது. கிராமிய வங்கி சங்கத்தின் கையில்தானே இருக்கிறது. காய வைக்கும் களத்துக்கும் அதே வங்கியிடம் கேட்கலாம்.