கடல் அட்டையின் பின்பக்கக் கதை

வணக்கம் நேயர்களே. இன்றைக்கு நான் பேச வந்திருப்பது ஒரு விலங்கைப் பற்றி, ஆனால் முதல்முறை பார்க்கிறவர்கள் அதை விலங்கு என்றே நம்ப மாட்டார்கள். கடலடி மணலில் யாரோ தவறவிட்ட முற்றல் வெள்ளரிக்காய் மாதிரி அசையாமல் கிடக்கும். அதுதான் கடல் அட்டை. பெயரில் அட்டை இருந்தாலும், ரத்தம் குடிக்கும் அட்டைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, நட்சத்திர மீனுக்குத்தான் இது சொந்தம்.

இதற்கு மூளை கிடையாது. ஒரு முனையில் வாய், வாயைச் சுற்றிக் குட்டைக் குட்டையாக உணர்கொம்புகள், மறுமுனையில் ஆசனவாய். வேடிக்கை எல்லாம் அந்த மறுமுனையில்தான்.

கடல் அட்டைகளில் நிறைய வகைகள் மூச்சு விடுவதே அந்த வழியாகத்தான்! உள்ளே இரண்டு பக்கமும் மரக்கிளை மாதிரி பிரிந்து பிரிந்து போகும் சுவாச உறுப்பு இருக்கிறது, ஆசனவாயைத் திறந்து தண்ணீரை உள்ளே இழுத்து, ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, திரும்ப வெளியே தள்ளிவிடும். சரி, மூச்சு விட வேண்டுமென்றால் கதவைத் திறந்துதானே ஆக வேண்டும்? அந்த நேரம் பார்த்து வருகிறது முத்து மீன். மெலிந்த, விலாங்கு போன்ற மீன். கடல் அட்டை மூச்சுக்குத் திறக்கும் வரை காத்திருந்து, பெரும்பாலும் வாலை முதலில் நுழைத்து, பின்பக்கமாகவே உள்ளே போய்க் குடியேறிவிடும். ஒரே கடல் அட்டைக்குள் 15 மீன்கள் இருந்ததைக் கூடப் பார்த்திருக்கிறார்கள். இந்த மீன்களில் சில வகைகள் தங்கினோமா போனோமா என்று இருப்பதில்லை, இடம் கொடுத்தவரின் இனப்பெருக்க உறுப்பையே தின்றுவிடும். எனக்கு அதைக் கேட்டபோது உண்மையிலேயே கோபம் வந்தது. கடல் அட்டைகளில் சிலவற்றுக்கு ஆசனவாயைச் சுற்றிப் பல் மாதிரி கெட்டியான அமைப்பு உண்டு, அது இந்த மாதிரி விருந்தாளிகளைத் தடுக்கத்தான் என்று ஒரு கருத்து இருக்கிறது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

அப்புறம் இதன் தற்காப்பு. நண்டோ மீனோ வந்து தொந்தரவு செய்தால், சில வகைகள் பின்பக்கத்தைத் திருப்பி வெள்ளை வெள்ளையாக நூல்களைப் பீச்சியடிக்கும். அவை தண்ணீரில் நீண்டு, பசை போல ஒட்டி, வந்தவனைக் கட்டிப்போட்டுவிடும். வேறு சில வகைகள் இன்னும் ஒரு படி மேலே போய்த் தங்கள் குடலையே வெளியே தள்ளிவிடும். எதிரி அதில் கவனமாக இருக்கும்போது இது மெல்ல நகர்ந்துவிடும், போன குடல் சில வாரங்களில் திரும்ப வளர்ந்துவிடும். வளர்ந்துவிடும்! நான் இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் இரண்டு முறை கேட்பார்கள்.

உடம்பை இளக்கிக் கூழ் மாதிரி ஆக்கிப் பாறை இடுக்கில் நுழைந்து, உள்ளே போனதும் விறைத்துக்கொள்ளவும் இதற்குத் தெரியும். பிடித்து இழுத்தாலும் வராது.

இவ்வளவு கூத்துக்கும் நடுவே நிறைய வகைகளுக்கு முக்கிய வேலை ஒன்றுதான்: மணலைத் தின்பது, அதில் ஒட்டியிருக்கும் மக்கிய பொருளையும் நுண்ணுயிர்களையும் செரித்துவிட்டு, சுத்தமான மணலைப் பின்னால் விடுவது. ஆஸ்திரேலியாவின் ஹெரான் தீவுப் பவளப்பாறையைப் பற்றி 2021-ல் வெளியான ஓர் ஆய்வு, அங்கே 30 லட்சத்துக்கும் மேற்பட்ட கடல் அட்டைகள் வருடத்துக்கு 64,000 டன்னுக்கு மேல் மணலை இப்படி வெளியேற்றுவதாகக் கணக்கிட்டது. அத்தனையும் நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே மறுமுனை வழியாக.

அதனால் கடலில் முக்குளிக்கப் போகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மணலில் இதைப் பார்த்தால் நின்று ரசியுங்கள், கையில் எடுத்துக் கசக்காதீர்கள். விளையாட்டாக எடுப்பது நமக்கு ஒரு நிமிடம். பயந்துபோய்க் குடலைத் தள்ளிவிட்டால், அது திரும்ப வளரும் வரை அந்த ஜீவனால் சாப்பிட முடியாது.

நன்றி நேயர்களே, வணக்கம்.