வேளச்சேரி தண்ணியும் என் ஐகானும்

நேயர்களுக்கு வணக்கம். வீட்லயே காரை மாடிஃபை பண்றத பத்தி கொஞ்சம் பேசுங்கன்னு கூப்பிட்டாங்க. நான் மெக்கானிக் எல்லாம் இல்லைங்க, பொழப்பு ஒரு ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ், ஆனா ஞாயித்துக்கிழமை வந்தா நங்கநல்லூர் வீட்டு போர்ட்டிகோல காருக்கு அடியிலதான் கிடப்பேன், இதை முதல்லயே சொல்லிடறேன், பெரிய இஞ்சினியர் பேசறாருன்னு நினைச்சுட போறீங்க.

என் கார் ஃபோர்டு ஐகான் 1.6. ஐகான் 1999ல வந்தது, நம்ம மறைமலை நகர்ல செஞ்ச வண்டி, 1.6 பெட்ரோல் இஞ்சின் கிட்டத்தட்ட 92 குதிரைத்திறன், அந்த சைஸ் காருக்கு அப்ப அது பெரிய சமாச்சாரம், அதான் வண்டி பைத்தியங்க எல்லாம் அது பின்னாடியே சுத்துனாங்க. அங்க கார் செய்யறத 2022ல நிறுத்திட்டாங்க. என்னோடது இன்னும் ஓடுது, நடுவுல ஒரு தடவை நானே அதை கொன்னேன், அந்தக் கதைதான் இன்னிக்கு.

எல்லாரும் பண்றதத்தான் நானும் முதல்ல பண்ணேன், ஓபன் ஏர் ஃபில்ட்டர். கம்பெனி குடுத்த டப்பாவ கழட்டி போட்டுட்டு காளான் மாதிரி ஒரு ஃபில்ட்டர நேரா மாட்டிட்டேன், ஆக்சிலரேட்டர அழுத்துனா உஸ்ஸுன்னு ஒரு சத்தம், அந்த சத்தத்துலயே வண்டி பறக்குதுன்னு மனசு நம்பிடும். அப்புறம் ஒரு மே மாசம், கத்திப்பாரா பக்கம் டிராஃபிக்ல மாட்டினப்ப எழும்பவே மாட்டேங்குது, ஆட்டோ கூட முந்துது. என்னடான்னு வீட்ல சமையலுக்கு வச்சிருந்த ஊசி தெர்மாமீட்டர ஃபில்ட்டர் பக்கத்துல சொருகி ஒயர உள்ள இழுத்து டேஷ்போர்டுல வச்சு பார்த்தேன், வெளியில 39 டிகிரி, ஃபில்ட்டர் வாய்கிட்ட 68! ரேடியேட்டர் சூடு மொத்தத்தையும் இஞ்சின் அப்படியே குடிக்குது. காத்து சூடானா மெலிஞ்சுடும் இல்லையா, 30 டிகிரி காத்துக்கும் 60 டிகிரி காத்துக்கும் அடர்த்தியில ஏறக்குறைய 9 சதவீதம் வித்தியாசம், அதாவது காசு குடுத்து ஃபில்ட்டர் வாங்கி 9 சதவீத காத்த நானே குறைச்சுட்டு உஸ்ஸு சத்தத்த கேட்டு சந்தோஷப்பட்டுட்டு இருந்திருக்கேன்.

சரி, குளிர்ந்த காத்து வேணும்னா எங்கேர்ந்து எடுக்கறது, கீழ பம்பருக்கு பின்னாடி இருந்து எடுன்னு வீடியோல எல்லாரும் சொல்றான். ஹார்டுவேர் கடைல 3 இன்ச் பிவிசி பைப்பு, ரெண்டு எல்போ, நாலு கிளாம்ப், மொத்தம் ஒரு ஐநூறு ரூபாய்க்குள்ள, ஃபில்ட்டர கொண்டு போய் பம்பர் உள்ள தரையிலேர்ந்து ஒரு முழம் உயரத்துல உக்கார வச்சேன். சும்மா சொல்லக்கூடாது, ஈசிஆர்ல போறப்ப உள்ள போற காத்தும் வெளிக்காத்தும் 3 டிகிரி கூட வித்தியாசம் இல்ல, வண்டி நிஜமாவே துள்ளுச்சு, நானும் தெருவுல போறவன் வர்றவன கூப்பிட்டு போனட்ட தூக்கி காட்டினேன்.

அந்த வீடியோ எடுத்தவன் ஊர்ல, மழை வந்தா தண்ணி தேங்கற நம்ம வேளச்சேரி கிடையாதே!

2015 டிசம்பர், சென்னை வெள்ளம். அந்த மழைய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. வேளச்சேரி விஜயநகர் பஸ் ஸ்டாண்டு தாண்டி தண்ணி முழங்காலுக்கு நிக்குது, முன்னாடி ஒரு லாரி போனான், அவன் கிளப்பிவிட்ட அலை என் பம்பர்ல வந்து மோதுச்சு, வண்டி ஒரு இருமல் இருமிட்டு நின்னுடுச்சு. அங்க நான் பண்ணது இருக்கே, பதட்டத்துல மறுபடி செல்ஃப் அடிச்சேன். டொக்குன்னு ஒரு சத்தம், அதோட சரி. வண்டி நின்ன வரைக்கும் கூட தப்பிச்சிருக்கலாமோ என்னமோ, அந்த ஒரு செல்ஃபுலதான் எல்லாம் போச்சுன்னு இன்னிக்கும் எனக்கு தோணும்.

பிஸ்டன் மேல ஏறும்போது காத்தா இருந்தா சுருங்கும், தண்ணி சுருங்காது, சுருங்காததோட மல்லுக்கு நின்னா பிஸ்டன கீழேர்ந்து தாங்கற கனெக்டிங் ராடு வளையும், வேற வழியே இல்ல. அதனால தண்ணியில வண்டி நின்னா சாவிய எடுத்து பாக்கெட்ல போட்டுட்டு இறங்கி தள்ளுங்க. அப்புறம் ஸ்பார்க் பிளக் எல்லாத்தையும் கழட்டி, இக்னிஷன் கரெண்ட துண்டிச்சிட்டு அதுக்கப்புறம் சுத்தவிட்டா ஓட்டை வழியா தண்ணி பீச்சி அடிச்சு வெளிய வந்துரும். ஆயில் அளவு பார்க்கற டிப் ஸ்டிக்க எடுத்து பாருங்க, ஆயில் பால் டீ கலர்ல இருந்தா தண்ணி கலந்துடுச்சுன்னு அர்த்தம், அதை மாத்தாம ஸ்டார்ட் பண்ணவே கூடாது.

கிண்டில ஒரு பட்டறை அண்ணன்தான் பார்த்தாரு. இஞ்சினோட மேல்மூடி ஹெட்ட கழட்டி வச்சிட்டு என்னை கூப்பிட்டு காட்டினாரு, ஒவ்வொரு பிஸ்டனா மேல வரைக்கும் ஏத்தினா மூணு பிஸ்டன் ஒரே மட்டத்துக்கு வருது, மூணாவது சிலிண்டர்ல இருக்கறது மட்டும் 4 மில்லிமீட்டர் கீழயே நின்னுடுது, கூன் விழுந்த ஆளு மாதிரி. "சார், காத்து குடுக்க வேண்டிய எடத்துல தண்ணிய குடுத்திருக்கீங்க"ன்னாரு, பைப்ப பார்த்துட்டு சிரிக்கவும் இல்ல, அதான் எனக்கு ரொம்ப வலிச்சுது.

புதுப்பேட்டைக்கு போனேன் ராடு வாங்க. அந்த சந்துல ஒரு கார அக்கு அக்கா பிரிச்சு ஒரு கடையில கதவு, ஒரு கடையில கியர் பாக்ஸுன்னு தொங்கும், கடைக்கார பாய் கிட்ட ஐகான் 1.6 ராடுன்னேன், ரெண்டு நிமிஷத்துல கோணிப்பையிலேர்ந்து எடுத்து கைல குடுத்துட்டாரு. வாங்கிட்டு வந்து என் வீட்ல மைதா அளக்கற டிஜிட்டல் தராசுல வச்சேன். பழைய மூணும் 512, 513, 511 கிராம், புதுப்பேட்டை ராடு 521. பத்து கிராம் என்ன பண்ணிடும்னு கேப்பீங்க, 6000 ஆர்பிஎம்ல அது ஒரு செகண்டுக்கு 100 தடவை சுத்துது, அந்த பத்து கிராம்தான் இஞ்சின் மொத்தத்தையும் உதற வைக்கும். எங்க ராவணும்னு அண்ணன்கிட்ட கேட்டுக்கிட்டேன், கீழ மூடியில கட்டியா இருக்கற எடத்துல மட்டும்தான், தண்டுல கை வைக்கக்கூடாது, அங்க ஒரு கீறல் விழுந்தா பின்னாடி அங்கேயே ஒடியும். ராத்திரி 11 மணி வரைக்கும் அரத்தால ராவறேன், தராசுல வைக்கறேன், ராவறேன், வைக்கறேன், 512 வந்து நின்னப்ப சமையல் மேடை பூரா இரும்புத்தூள். "ஏங்க, இனிமே இதுல மைதா அளந்து நான் சப்பாத்தி போடறதா?"ன்னு வீட்டுக்காரம்மா கேட்டா, மறுநாளே புது தராசு வாங்கிட்டேன். இஞ்சின மறுபடி கூட்டுனது பட்டறைலதான், அதை வீட்ல பண்ணேன்னு பொய் சொல்ல மாட்டேன்.

அப்பலேர்ந்து எதை கழட்டறதுக்கு முன்னாடியும் இது நம்ம ஊர் வெயிலுக்கும் மழைக்கும் ரோட்டுக்கும் ஒத்து வருமான்னு பார்த்துட்டுதான் கை வைக்கறேன். பிரேக் ஆயில் இருக்கே, அது காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சும். புதுசா டின் உடைச்ச டாட் 4ங்கற ரக பிரேக் ஆயில் 230 டிகிரிக்கு கீழ கொதிக்கக்கூடாதுங்கறது கணக்கு, ஈரம் ஏறிடுச்சுன்னா அந்த கணக்கு 155 தான், கடல் பக்கத்துல குடியிருந்துட்டு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கூட மாத்தலன்னா என்ன சொல்றது. ஏலகிரில 14 கொண்டை ஊசி வளைவு, இறங்கி வர்றப்ப பிரேக் சூட்டுல ஈரம் ஏறின ஆயில் கொதிச்சு குமிழி விட்டு, பெடல் மெத்து மெத்துன்னு உள்ள போச்சு, கியர குறைச்சு குறைச்சுதான் கீழ வந்து சேர்ந்தேன். பெரிய டிஸ்க்கு, டிஸ்க்க கவ்வற செவப்பு கேலிப்பருக்கெல்லாம் முன்னாடி அரை லிட்டர் டாட் 4 வாங்கி ஒரு ஆள பெடல மிதிக்க வச்சு பிரேக் லைன்ல இருக்கற பழைய ஆயிலையும் காத்தையும் எடுங்க, பெரிய செலவு ஒண்ணும் இல்ல, பெடல்ல கால வச்ச உடனே தெரியும்.

இஞ்சின் சூடாகற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடாம தடுக்கற தெர்மோஸ்டாட் வால்வ புடுங்கி எறியறது நம்ம ஊர் பழக்கம், சூடு குறையும்னு. வேண்டாங்க, இஞ்சின் சூடு ஏற வேண்டிய அளவுக்கு ஏறாது, இஞ்சின் கம்ப்யூட்டர் இன்னும் குளிர்லதான் இருக்குன்னு நினைச்சு பெட்ரோல ஊத்திட்டே இருக்கும். அப்புறம் இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் 20 சதவீதம் வரைக்கும் இருக்கு, அது பழைய ரப்பர கெடுக்கும், பழைய வண்டிக்காரங்க பெட்ரோல் போற ரப்பர் ஹோஸ விரலால அமுக்கி பாருங்க, ஊறிப்போயோ வெடிச்சோ இருந்தா உடனே மாத்திடுங்க, தீ விஷயம்.

ஸ்பிரிங்க வெட்டி வண்டிய இறக்கறவங்களுக்கு ஒண்ணு. ஸ்பீட் பிரேக்கர் 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்கணும்னு விதி இருக்கு, எங்க தெருவுல கிடக்கறது பன்னி படுத்திருக்கற மாதிரி, விதிய நம்பி ஸ்பிரிங்க வெட்டினா இஞ்சினுக்கு அடியில இருக்கற ஆயில் சம்ப்பு உடையும். டயர்ல கணக்கு பார்த்து போங்க, 175/65ன்னா அகலம் 175 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதுல 65 சதவீதம், அதுல 14 இன்ச் டயர் மொத்தம் 583 மில்லிமீட்டர் உயரம், 185/60 போட்டா 578, ஒரு சதவீதம் கூட மாறல. அழகுக்குன்னு 205/55ல 16 இன்ச் போட்டா 632, மீட்டர் 80 காட்டும், நீங்க 87ல போயிட்டு இருப்பீங்க.

சட்டம் பத்தி கேப்பாங்க, சுருக்கமா சொல்றேன். மோட்டார் வாகன சட்டத்துல 52ஆவது பிரிவு, ஆர்சில இருக்கற விவரத்துக்கும் கம்பெனி கணக்குக்கும் முரணா வண்டிய மாத்தக்கூடாதுங்குது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி பண்ணிடுச்சு, ஒரு மாத்தத்துக்கு 5000 ரூபா அபராதம், ஆறு மாசம் ஜெயில் வரைக்கும் எடம் இருக்கு. ஊரையே எழுப்பற சைலன்சர் போட்டு மாட்டினா என்கிட்ட வந்து அழக்கூடாது. வேகம் காட்டணும்னா இருங்காட்டுக்கோட்டைல ட்ராக் இருக்கு, 3.7 கிலோமீட்டர், 1990லேர்ந்து. அதுக்கு முன்னாடி சோழவரத்துல, ரெண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்துல ஃபியட்டு, ஹெரால்டுன்னு வீட்லயும் பட்டறைலயும் முடுக்கின வண்டிங்கதான் ஓடுச்சு, எங்கப்பா புளிசாதம் கட்டிட்டு போய் பார்த்த கதைய இன்னும் சொல்லுவாரு.

காருக்கு அடியில போறவங்க வெறும் ஜாக்கிய நம்பாதீங்க, ஸ்டாண்டு வைங்க, கழட்டின வீலையும் படுக்க வச்சு ஓரத்துல கீழ தள்ளி விட்டுடுங்க. என் ஜாக்கி ஒருநாள் ரெண்டு இன்ச் வழுக்குச்சு, அந்த வீல்தான் கார தாங்குச்சு, என் மூக்குக்கு மேல ஒரு சாண் எடம்.

ஏர் ஃபில்ட்டர் இப்ப பழைய டப்பாக்கே போயிடுச்சு, கம்பெனிக்காரன் ஹெட்லைட்டுக்கு பின்னாடி உசரத்துல வாய் வச்சிருக்கான், புத்திசாலி. இஞ்சின் சூட்ட மறைக்க டப்பாவ சுத்தி ஒரு அலுமினிய தகடு வளைச்சு விட்டிருக்கேன், அவ்வளவுதான் என் மாடிஃபிகேஷன். அந்த 3 இன்ச் பிவிசி பைப்ப தூக்கிப் போட மனசு வரல, மொட்டை மாடி மழைத்தண்ணி சம்ப்புக்கு போற லைன்ல சேர்த்துட்டேன், போன நவம்பர்ல கூட நல்லா தண்ணி குடிச்சுது.

நேரம் ஆயிடுச்சுன்னு கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து கைய காட்றாங்க. வணக்கம்.