பனி கொட்டுமுன் பூனைகளுக்கு வீடு தேடுவோம்

அன்பான நேயர்களுக்கு வணக்கம். ஒக்டோபர் பிறந்துவிட்டது. நவம்பர் நடுப்பகுதியானால் ரொறன்ரோவில் இரவுக் குளிர் பூச்சியத்துக்குக் கீழே இறங்கத் தொடங்கிவிடும், அதற்குள் நாங்கள் செய்யக்கூடிய ஒரு வேலையைப் பற்றித்தான் கதைக்க வந்திருக்கிறேன். கராஜுக்குப் பின்னாலும் மீன்கடைக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்திலும் திரிகிற பூனைகளைப் பார்த்து "ஐயோ பாவம்" என்று மிச்சச் சோறும் மீன்தலையும் வைக்கிற நல்ல மனசு எங்கள் ஆட்களிடம் நிறைய இருக்கிறது. ஆனால் மைனஸ் இருபதில் சோறு வைத்தாலும் அது கல்லாகிவிடும். பூனைகளின் காது நுனி உறைந்து கருகிப்போகும், சூடு தேடிக் கார் எஞ்சினுக்குள் ஏறிப் படுத்த பூனை விடியக் கார் கிளம்பும்போது செத்தும்போகும்.

முதலில் அந்தப் பூனையை வடிவாகப் பாருங்கள். வாலை நிமிர்த்திக்கொண்டு உங்களிடம் வந்து காலில் உரசுகிறதா, கண்ணைப் பார்த்துக் கத்துகிறதா? அப்படியென்றால் அது மனிதரோடு வாழ்ந்த பூனை. ஒன்றில் தொலைந்திருக்கும், இல்லையென்றால் வீடு மாறிப் போனவர்கள் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். மிருக வைத்தியரிடம் கொண்டுபோனால் தோலுக்கடியில் சொந்தக்காரரைக் கண்டுபிடிக்க உதவுகிற மைக்ரோசிப் என்ற சின்னத் துண்டு இருக்கிறதா என்று கருவியால் பார்த்துச் சொல்லிவிடுவார், சொந்தக்காரர் எங்கேயோ அழுதுகொண்டிருக்கவும் கூடும். கிட்டப் போனாலே ஓடுகிற, ஒருநாளும் தொடவிடாத வளர்ந்த பூனைக்கு வீடு தேடுவது வேறு கதை, அதை அறைக்குள் பூட்டினால் அதற்குச் சிறைதான். அதற்குத் தேவை கருத்தடையும், வைக்கோல் போட்ட ஒரு சின்னக் கூடும். போர்வை போடாதீர்கள், ஈரத்தை உறிஞ்சி உறைந்துவிடும். ஒரு காதின் நுனி நேராக வெட்டப்பட்டிருந்தால் யாரோ ஏற்கெனவே பிடித்துக் கருத்தடை செய்து விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

குட்டிகள் என்றால் அவசரம். பிறந்து இரண்டாவது கிழமையிலிருந்து ஏழெட்டுக் கிழமை வரைதான் மனிதர் கையை அவை சுலபமாகப் பழகும். கோடைக் கடைசியில் பிறந்த குட்டியை இப்போது எடுக்காவிட்டால் பனிக்காலத்துக்குள் அதுவும் ஒளிந்து திரிகிற பூனையாகிவிடும், நாலு மாதத்திலேயே கருத்தரிக்கவும் கூடும்.

சரி, வீடு. கேட்கிற ஆளிடமெல்லாம் தூக்கிக் கொடுத்துவிடக் கூடாது என்பதுதான் நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது. பிள்ளை ஆசைப்படுகிறான் என்று நத்தாருக்கு வாங்கிப் போய் மார்ச் மாதம் திரும்ப வெளியே விடப்பட்ட பூனையின் நிலை முன்னையதை விட மோசம், ஏனென்றால் அது இப்போது குளிருக்கே பழகாத பூனை. ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள்: வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா, அலர்ஜி இருக்கிறதா? டிசம்பரில் குடும்பத்தோடு ஊருக்குப் போனால் யார் பார்ப்பது? வைத்தியச் செலவு தாங்குமா? கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டுக் கொடுப்பது இன்னும் நல்லது. ஒன்ராறியோவில் மூன்று மாதம் தாண்டிய பூனைக்கு விசர்நோய்த் தடுப்பூசி சட்டப்படி கட்டாயம்.

பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிறோம், வீட்டுக்காரர் விடமாட்டார் என்று நிறையப் பேர் பின்வாங்குகிறார்கள். ஒன்ராறியோ வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் "செல்லப்பிராணி கூடாது" என்று எழுதியிருந்தாலும் அந்த வரி செல்லாது. கொண்டோ அடுக்குமாடி வீடு என்றால் கட்டடத்தின் விதி தனியாக இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். ஆனாலும் மேலே இருக்கிற வீட்டுக்கார அண்ணையிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கதைத்துவிடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது, அவருக்கே அலர்ஜி இருந்தால் பிறகு சிக்கல்.

இன்னொன்று. மருமகள் கர்ப்பம் என்றதும் "பூனையைக் கொண்டுபோய் எங்கேயாவது விடு" என்று சொல்லாத மாமியார் குறைவு. பூனை மலத்தால் தொற்றி வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடிய டொக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி உண்மையானதுதான், பயப்படுவதில் பிழையில்லை. ஆனால் பூனை கழித்த மலத்தில் அந்தக் கிருமி தொற்றக்கூடியதாக மாற ஒன்றிலிருந்து ஐந்து நாள் எடுக்கும். கணவனோ மாமியோ பூனை மலம் கழிக்கிற லிட்டர் பெட்டியைத் தினமும் துப்புரவாக்கி, இறைச்சியையும் நன்றாக வேகவைத்தால் போதும், பூனையைத் துரத்த வேண்டியதில்லை.

அப்புறம், கொண்டுவந்த முதல் நாட்களில் ஒரு அறைக்குள் மட்டும் வையுங்கள், தண்ணீர், சாப்பாடு, லிட்டர் பெட்டி எல்லாம் அங்கேயே. கட்டிலுக்கடியில் மூன்று நாள் ஒளிந்திருந்தாலும் இழுத்து எடுக்காதீர்கள், இரவில் வந்து சாப்பிட்டுக்கொள்ளும். விருந்தாள் வந்து சப்பாத்துக் கழற்றுகிற நேரம் வாசல் கதவு திறந்து கிடக்கும், பூனை நழுவி ஓடுவது பெரும்பாலும் அப்போதுதான், அந்த நேரம் அறைக்கதவைச் சாத்திவையுங்கள். நன்றி, வணக்கம்.