பழைய பிர்னோ ரைபிள்: காலையில் மட்டும் ஏன் 'டிக்'?

அடுத்த கேள்வி ஏற்காட்டிலிருந்து ஒரு தம்பி அனுப்பியது. அப்படியே படித்துவிடுகிறேன்.

"தாத்தா எஸ்டேட்டில் வைத்திருந்த பிர்னோ பாயிண்ட் டூ டூ ரைபிள் இப்போது என் லைசென்ஸில் இருக்கிறது. மாதம் இரண்டு முறை சேலத்துக்கு இறங்கி ரேஞ்சில் பயிற்சி எடுக்கிறேன். கிளப் போட்டியில் 50 மீட்டர் ப்ரோன், அதாவது குப்புறப் படுத்துச் சுடும் பிரிவில், சுட ஆசை. மார்கழி பிறந்ததிலிருந்து காலையில் முதல் பத்து ரவுண்டில் மூன்று நான்கு 'டிக்' என்று சத்தம் மட்டும் வருகிறது, வெடிப்பதில்லை. போல்ட்டும் இறுக்கமாக இருக்கிறது. பத்து மணிக்கு மேல் அதே டப்பா தோட்டா ஒன்றுகூடத் தவறுவதில்லை. ஃபயரிங் பின் தேய்ந்துவிட்டதா? மாற்ற வேண்டுமா?"

தம்பி, மணி பத்து ஆனது ஃபயரிங் பின்னுக்கு, அதாவது தோட்டாவின் அடியில் போய் இடிக்கிற அந்த ஊசிக்கு, எப்படித் தெரியும்? தேய்ந்த பின் காலையிலும் தேய்ந்துதான் இருக்கும், மத்தியானமும் தேய்ந்துதான் இருக்கும். அதனால் இவரிடம் திருப்பி ஒன்று கேட்டேன்: போல்ட்டுக்கு, அதாவது அந்த ஊசியை உள்ளே வைத்துக்கொண்டு தோட்டாவுக்குப் பின்பக்கம் மூடுகிற உருளைக்கு, என்ன எண்ணெய் போடுகிறீர்கள்? பதில் வந்தது: "தாத்தா காலத்திலிருந்தே தேங்காய் எண்ணெய்தான் சார்."

பாதிக் கேள்வி அங்கேயே முடிந்துவிட்டது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைய ஆரம்பிக்கும். மார்கழியில் குளியலறை பாட்டிலைக் கவிழ்த்தால் என்ன ஆகிறது? போல்ட்டுக்குள்ளும் அதேதான். ராத்திரி முழுக்க ஏற்காட்டுக் குளிரில் இருந்த ரைபிளைப் பஞ்சு வைத்த பெட்டியில் மூடி, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஏழு மணிக்கு ரேஞ்சுக்கு வருகிறீர்கள். பெட்டிக்குள் இரும்பு இன்னும் மலைக்குளிரிலேயே இருக்கிறது. டிரிகரை இழுத்ததும் ஃபயரிங் பின் சடாரென்று பாய வேண்டும். அது வெண்ணெய்க்குள் குத்தின மாதிரி மெதுவாகப் போகிறது. பாயிண்ட் டூ டூ தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கிற கலவை அடிப்பக்க விளிம்புக்குள்தான் இருக்கும். அந்த விளிம்பு நசுங்கும் அளவுக்கு அடி விழுந்தால்தான் பற்றும். தடவிக் கொடுத்தால் பற்றாது.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். காலையில் வெடிக்காத தோட்டாவின் விளிம்பையும், பதினொரு மணிக்கு வெடித்த காலி கேஸின், அதாவது மிஞ்சுகிற பித்தளை ஓட்டின், விளிம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லென்ஸில் பாருங்கள். காலைத் தோட்டாவில் நகம் பட்ட மாதிரி ஒரு கீறல். மத்தியானக் கேஸில் செவ்வகமாக, ஆழமாக ஒரு பள்ளம். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால் எண்ணெய்தான் குற்றவாளி. பார்த்து முடித்ததும் வெடிக்காத தோட்டாவை ரேஞ்ச் ஆபீசரிடம் கொடுத்துவிடுங்கள், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது. இன்னொன்று, 'டிக்' என்றதும் போல்ட்டைத் திறக்காதீர்கள். பேரல் டார்கெட் பக்கமே இருக்கட்டும், முப்பது எண்ணிவிட்டுத் திறங்கள். தாமதமாக வெடிக்கிற தோட்டாவும் உண்டு.

பள்ளம் இரண்டிலும் ஒரே ஆழம் என்றால் வேறு கதை. வெடிக்காத தோட்டாவை எடுக்காமல், போல்ட் கைப்பிடியை மட்டும் ஏற்றி இறக்கி மறுபடி அடித்தால் வெடிக்கிறதா? அப்படியென்றால் சேம்பரில், அதாவது தோட்டா உட்காருகிற குழியில், அழுக்கு. தோட்டாவில் பூசியிருக்கிற மெழுகும் ஈயமும் உள்ளே வளையமாகப் படிந்து, தோட்டா கடைசி நூலளவு உள்ளே போகாமல் நின்றிருக்கும். முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். இரண்டாவது அடிதான் உண்மையான அடி. சேம்பரை பிரஷ் போட்டுத் தேய்த்தால் போதும். எடுத்து அரைச் சுற்றுத் திருப்பிப் போட்டால்தான் வெடிக்கிறது என்றால், அது தோட்டாவின் குறை, விளிம்பில் கலவை சீராகப் பரவவில்லை.

சரி, போல்ட்டுக்கு வருவோம். தோட்டா அடுக்குகிற மேகசினைக் கழற்றி, சேம்பர் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகு, டிரிகரை அழுத்தியபடி போல்ட்டைப் பின்னுக்கு இழுத்தால் கையோடு வந்துவிடும். முழுவதும் பிரிக்க வேண்டாம். பெயிண்ட் கடையில் டர்பன்டைன் வாங்கி, பழைய எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, போல்ட்டை ஒரு மணி நேரம் ஊற வையுங்கள். நல்ல டம்ளரை எடுத்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. ரைபிளின் மரக்கட்டையில் டர்பன்டைன் படக்கூடாது, வார்னிஷ் போய்விடும். வெளியே எடுத்துக் குலுக்கினால் மஞ்சளாக, பிசுபிசுவென்று ஒரு திரவம் வடியும். ஐம்பது அறுபது வருஷத்துச் சேர்மானம் அது. தெளிவாக வடிகிறவரை இரண்டு மூன்று முறை செய்து, வெயிலில் நன்றாகக் காய வையுங்கள்.

அப்புறம் எண்ணெய் போடுகிறோம் என்று மறுபடி குளிப்பாட்டாதீர்கள். ஃபயரிங் பின் ஓடுகிற துவாரம் கிட்டத்தட்ட உலர்ந்தே இருக்கலாம். வெளிப்பக்கம் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, துணியால் துடைத்து எடுத்தது போக மிஞ்சுவது போதும். கைப்பிடி அடிப்பாகம் உராய்கிற இடத்தில் மட்டும் குண்டூசித் தலை அளவு கிரீஸ். நம் சேலத்தில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மேக்னசைட் மைன்ஸ் பக்கம் பறக்கிற வெள்ளைத் தூசி ஈரமான எண்ணெயில் ஒட்டினால், அது பாலிஷ் போடுகிற பேஸ்ட்டாகி இரும்பைத் தின்ன ஆரம்பிக்கும்.

இத்தனையும் செய்த பிறகும் அடி லேசாக இருந்தால் ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கலாம். கையால் இழுத்து நீட்டிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், நாலு வாரத்தில் பழையபடி ஆகிவிடும். ஃபயரிங் பின்னின் முனையை அரத்தில் ராவிக் கூராக்கும் வேலை வேண்டவே வேண்டாம். கூர்முனை விளிம்பைக் குத்தி ஓட்டை போட்டால் சூடான வாயு உங்கள் முகத்துக்குத்தான் வரும். ஸ்ப்ரிங், பின், காலி கேஸை வெளியே இழுக்கிற எக்ஸ்ட்ராக்டர், எது மாற்றவேண்டும் என்றாலும் லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித்திடம் கொடுங்கள். 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி பழுது பார்ப்பதற்கே தனி லைசென்ஸ் வேண்டும். வேறொரு பிர்னோவின் போல்ட்டை வாங்கி மாட்டுவதும் கூடாது. தோட்டா விளிம்பின் தடிமனே ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுத்தான் கூடுதல், போல்ட்டுக்கும் சேம்பருக்கும் நடுவே அந்த விளிம்பு உட்காருகிற இடைவெளி அந்தந்த ரைபிளுக்கென்று அமைந்தது.

போட்டிக்குப் போவதால் இதையும் சொல்லவேண்டும். 'டிக்' வராத ரவுண்டுகளும் சரியாகச் சுட்டதாக அர்த்தமில்லை. அடி ஒரே சீராக இல்லாவிட்டால் மருந்து பற்றுவதும் சீராக இருக்காது, குண்டின் வேகம் மாறும், டார்கெட்டில் மேலும் கீழுமாக விழும். 50 மீட்டரில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர்தான். மூச்சு சரியில்லை, தோள் சரியில்லை என்று நீங்கள் உங்களையே திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

வெறும் சேம்பரில் டிரிகர் இழுத்துப் பழகுவது பற்றியும் கேட்டிருக்கிறார். நான் இருபது வயதில் அதை மாதக்கணக்கில் செய்தேன். ஃபயரிங் பின் போய் சேம்பர் விளிம்பிலேயே அடித்து அடித்து ஒரு தழும்பு விழுந்தது. அதற்குப் பிறகு காலி கேஸ் சிக்கிக்கொண்டு வெளியே வராது. எக்ஸ்ட்ராக்டரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பழகுவதென்றால் சுட்ட காலி கேஸ் ஒன்றைப் போட்டு, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

மலையிலிருந்து வந்ததும் பெட்டியைத் திறக்க அவசரப்படாதீர்கள். குளிர்ந்த இரும்பில் கீழ்க்காற்று பட்டால் முத்து முத்தாக ஈரம் பூக்கும், அது போல்ட்டுக்குள்ளும் போகும். டீ குடித்துவிட்டு அரைமணி கழித்துத் திறங்கள். அடுத்த முறை வரும்போது காலையிலும் மத்தியானமும் சுட்ட காலி கேஸ் நாலைந்து தனித்தனிப் பொட்டலமாகக் கொண்டு வாருங்கள், லென்ஸ் என்னிடம் இருக்கிறது.